கண்ணால் பார்த்ததைப் பாடியவர்: ரோனி ஜேம்ஸ் டியோ

ரெயின்போ என்ற ராக் குழுவின் ‘ஸ்டார்கேஸர்’ பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரைச் சொல்வார்கள், அப்புறம் கோசி பவல் தனியாக டிரம்ஸ் அடித்துத் தொடங்கி வைக்கிற அந்தச் சில நொடிகளைச் சொல்வார்கள், பிறகு ம்யூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கூப்பிட்டு வாசிக்க வைத்ததைச் சொல்வார்கள். எல்லாமே உண்மைதான், எல்லாமே பெரிய விஷயம்தான். ஆனால் நான் அந்தப் பாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது அதில் பாடுகிற மனிதருக்காக. 8 நிமிடம் 26 விநாடி ஓடுகிற அந்தப் பாட்டில் ரோனி ஜேம்ஸ் டியோ பாடியிருப்பதைப் போல, ராக் இசையில் வேறு யாரும் ஒரு கதையைத் தன் தலையில் சுமந்து பாடி நான் கேட்டதில்லை.

கதை இதுதான். நட்சத்திரங்களை எட்டிப் பிடிக்க ஆசைப்படும் ஒரு மந்திரவாதி. அவனுக்காக வெயிலிலும் மழையிலும் சாட்டையடி வாங்கிக்கொண்டு கல் சுமந்து கோபுரம் கட்டும் அடிமைகள். ஒன்பது வருடம் முதுகொடிய வேலை. கடைசியில் கோபுரம் முடிகிறது, மந்திரவாதி உச்சிக்கு ஏறுகிறான், பறக்கப் போகிறான் என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், அவன் விழுந்து சாகிறான். இதை மந்திரவாதியின் வாயால் பாடியிருக்கலாம், அதுதான் எளிது, அட்டகாசமாகச் சிரித்துக் கத்திப் பாடலாம். டியோ அடிமைகளில் ஒருவனாக நின்று பாடுகிறார். அங்கேதான் பாட்டு வேறு உயரத்துக்குப் போகிறது.

முதல் சரணத்தில் குரலில் ஒரு சோர்வு இருக்கிறது. பலம் முழுவதும் உள்ளே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது, ஆனால் அதைக் கொட்டுவதில்லை. தண்ணீருக்காக ஆன்மாவையே விற்றுவிடுவேன் என்று சொல்லும் இடத்தில் தொண்டையில் லேசான கரகரப்பு ஏறுகிறது, அந்த ஒரு சொல்லோடு இறங்கியும் விடுகிறது. மந்திரவாதி விழுந்த பிறகு, இத்தனை வருடமும் எதற்காக, இனி எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவனின் குரலாக அது மாறுகிறது. கடைசி இரண்டு மூன்று நிமிடம் இசைக்குழு ஒரே சுழலில் சுற்றிக்கொண்டே இருக்க, அதன் மேல் டியோ பாடுகிறார், பாடுகிறார், நிறுத்த மனமில்லாமல் பாடிக்கொண்டே இருக்கிறார். என் உடம்பைப் பாருங்கள், என் எலும்பைப் பாருங்கள் என்று சாட்சிக்கு ஆள் கூப்பிடுகிறார். வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். பாட்டு மெல்லத் தேய்ந்து மறைகிறபோதும் அவர் நிறுத்தவில்லை. ஒலிப்பதிவு முடிந்த பிறகும் அந்த மனிதன் எங்கோ நடந்துகொண்டே இருப்பான் என்றுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

இது வெறும் குரல்வளம் இல்லை. குரல்வளம் உள்ளவர்கள் அந்தக் காலத்தில் நிறையவே இருந்தார்கள். டீப் பர்ப்பிளின் இயன் கில்லன் போகும் உயரத்துக்கும், ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்ட் போகும் உயரத்துக்கும் டியோ போனதில்லை, போக முயன்றதும் இல்லை. கள்ளக்குரலில் உச்சஸ்தாயிக்குத் தாவுவது அவர் பாணியே அல்ல. முழுக்குரலில், நெஞ்சிலிருந்து வரும் அதே கனத்தோடு மேலே போவார். அதனால் அவர் மேல்ஸ்தாயியில் பாடும்போதும் சொல் தேய்வதில்லை. ஆங்கிலப் பாட்டு கேட்டுப் பழக்கமில்லாதவர்களிடம் டியோவைப் போட்டுக் காட்டினால், என்ன பாடுகிறார் என்று புரிகிறதே என்றுதான் முதலில் சொல்வார்கள். ஹெவி மெட்டலில் அது எவ்வளவு அரிது என்று கேட்பவர்களுக்குத் தெரியும். மெய்யெழுத்துகளைக் கடித்து உச்சரிப்பார், உயிரெழுத்தில் குரலை விரிப்பார், சொல்லின் முனையில் மட்டும் அந்தக் கரகரப்பை வைப்பார், வரியின் கடைசியில் ஓர் அசைவு கொடுத்து முடிப்பார்.

இந்த மூச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரே பல பேட்டிகளில் பதில் சொல்லியிருக்கிறார். 1942 ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர், வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் கோர்ட்லாண்ட் என்ற சிறிய ஊர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம், ரொனால்ட் பதவோனா என்பது இயற்பெயர். சின்ன வயதிலேயே டிரம்பெட் கற்கத் தொடங்கினார், பிரெஞ்சு ஹார்னும் வாசித்தார். நம் ஊரில் நாதஸ்வர வீடுகளில் பிள்ளைகளை விடியற்காலையில் சாதகம் செய்ய உட்கார வைப்பது போல, அவருடைய அப்பா தினமும் பிடித்து உட்கார வைத்து வாசிக்க வைத்தார். பாட்டுக்கென்று ஆசிரியர் யாரும் கிடையாது. அடிவயிற்றிலிருந்து காற்றை எடுத்து, சிந்தாமல் அளந்து விடுகிற அந்தக் காற்றுவாத்தியப் பழக்கம்தான் தன் குரலுக்கு அஸ்திவாரம் என்பது அவர் சொன்ன விளக்கம். கேட்டுப் பார்த்தால் அது அப்படியே புலப்படும். வரியை ஒரே மூச்சில் நீட்டும்போது கடைசி அசை வரை குரல் தடிமன் குறையாமல் நிற்பது தொண்டையால் பாடுகிறவர்களுக்குக் கைகூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் ரெயின்போவுக்கு வந்தபோது வயது 32. பள்ளிக்காலத்திலேயே, 1950களின் இறுதியில், உள்ளூர்க் குழுக்களோடு ரெக்கார்ட் போட்டவர். அதற்கப்புறம் பதினைந்து வருடத்துக்கு மேல் சின்ன அரங்குகள், பார்கள், வேன் பயணங்கள். 1968இல் ஒரு கார் விபத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் நிக் பாண்டஸ் இறந்துபோனார், டியோவுக்கும் அடிபட்டது. அந்தக் குழுதான் பிறகு எல்ஃப் ஆனது. 1972இல் டீப் பர்ப்பிளின் ரோஜர் குளோவரும் இயன் பெய்ஸும் அவர்களைக் கேட்டுப் பிடித்துப்போய் முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார்கள். எல்ஃப் ஆல்பங்களில் டியோ வேறு ஆள் மாதிரி இருப்பார், பூகி, பியானோ, கொண்டாட்டம். ரோஜர் குளோவருக்காக 1974இல் பாடிய ‘லவ் இஸ் ஆல்’ இன்னும் வேறு மாதிரி. கிட்டாரோடு ஒரு தவளை பாடுகிற கார்ட்டூன் படத்தோடு ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் அது திரும்பத் திரும்ப ஓடியது. அந்தத் தவளைக்குப் பாடியவரும் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ பாடியவரும் ஒருவரே என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் பெரியது. குழந்தைகளுக்கான பாட்டையும் அவர் அரைமனதோடு பாடவில்லை, தவளையையும் முழுதாக நம்பித்தான் பாடியிருக்கிறார்.

பிளாக்மோர் 1975இல் டீப் பர்ப்பிளை விட்டு வந்து எல்ஃப் குழுவை, அதன் கிட்டார் கலைஞர் ஒருவரைத் தவிர, அப்படியே எடுத்துக்கொண்டு ரெயின்போவின் முதல் ஆல்பத்தைப் போட்டார். போட்ட கையோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார், டியோவை மட்டும் வைத்துக்கொண்டார். எல்ஃப் ஆட்களுக்கு அது கொடுமை, சந்தேகமே இல்லை. ஆனாலும், யாரையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாத பிளாக்மோருக்கு அந்தக் குரல் எப்படித் தேவைப்பட்டிருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. அந்த முதல் ஆல்பத்தில் ‘கேட்ச் த ரெயின்போ’ என்று ஒரு மெதுவான பாட்டு உண்டு. டியோ உரக்கப் பாடுகிறவர் என்று மட்டும் நினைப்பவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும். 1977இல் வந்த ‘ஆன் ஸ்டேஜ்’ லைவ் ஆல்பத்தில் இதே பாட்டு 15 நிமிடத்துக்கு மேல் போகும். பிளாக்மோர் கிட்டாரில் அடங்கி அடங்கி வாசிக்க, டியோ காதுக்கருகில் பேசுவது போலத் தொடங்குகிறார். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் அரங்கில் அவ்வளவு மெல்லப் பாட ஒரு தைரியம் வேண்டும், மெல்லப் பாடும்போதும் சுருதி இம்மி விலகாமல் இருக்க அந்த டிரம்பெட் மூச்சு வேண்டும்.

‘ரெயின்போ ஐஸ்’ இன்னும் ஒரு படி மேலே. 1978இல் வந்த ‘லாங் லிவ் ராக் அண்ட் ரோல்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. டிரம்ஸ் கிடையாது. கிட்டார், புல்லாங்குழல், சில தந்தி வாத்தியங்கள், ஒரு குரல், ஏழு நிமிடம். அதற்கு முன்னால் அதே ஆல்பத்தில் ‘கில் த கிங்’ என்று பிடரியில் கால் பட ஓடுகிற பாட்டைப் பாடியவர், இங்கே ஒரு வரியைக்கூட உயர்த்தாமல் பாடி முடிக்கிறார். என் கணக்கில் இது அவருடைய மிக அழகான பாட்டு. மிகப் பெரிய பாட்டு ‘ஸ்டார்கேஸர்’, மிக அழகானது இது. ரசிகர்கள் போடுகிற பட்டியல்களில் இது பின்னால் தள்ளப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிளாக்மோருக்கு வானொலியில் ஓடக்கூடிய காதல் பாட்டுகள் வேண்டும் என்று ஆனபோது டியோ விலகினார். கோபுரங்களையும் மந்திரவாதிகளையும் விட அவருக்கு மனமில்லை. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை அவர் மேல் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு: டிராகன், வானவில், ராஜா, பிசாசு என்று சின்னப் பிள்ளைகள் கதையாகவே எழுதுகிறார் என்று. நான் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. ஒரு வரியை எழுத்தில் படித்துவிட்டு அதை எடை போடுகிறவர்கள் சொல்வது அது. டியோவின் வரிகள் பாடுவதற்கு எழுதப்பட்டவை, அதுவும் அவரே பாடுவதற்கு. காகிதத்தில் கோபுரம் வெறும் கோபுரம்தான். அவர் வாயில் அதைச் சுமந்தவனின் முதுகு தெரிகிறது.

டியோ அடுத்துப் போய்ச் சேர்ந்த பிளாக் சப்பாத் குழுவின் விஷயத்துக்கு வருகிறேன். 1979இல் பாடகர் ஓஸி ஆஸ்போர்னை நீக்கிவிட்டு, குழுவே உடையப் போகிறது என்ற நிலையில் இருந்தார்கள். கிட்டார் கலைஞர் டோனி அயோமியும் டியோவும் முதன்முதலாக உட்கார்ந்தபோதே, அயோமியிடம் முடியாமல் நின்றிருந்த ஓர் இசைத்துண்டுக்கு டியோ வரி எழுதி மெட்டுப் போட்டுப் பாடிவிட்டார் என்பது சப்பாத் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதுதான் ‘சில்ட்ரன் ஆஃப் த ஸீ’. அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். மென்மையான கிட்டார், அதன் மேல் இறங்கிய குரல். பிறகு கனமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, வந்து விழும்போது குரலும் அதே நொடியில் எழுகிறது. அந்த ஏற்றத்தில் சத்தம் கூடுவது மட்டும் நடப்பதில்லை, இதுவரை நினைவாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று எச்சரிக்கை செய்கிறவராக மாறிவிடுகிறார்.

ஓஸியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய சப்பாத்தின் பயம் அவருடைய அந்த ஒற்றைத் தட்டையான அழுகுரலில்தான் இருந்தது. ஆனால் அவர் பெரும்பாலும் ரிஃப் போகும் வழியிலேயே பாடுவார், ‘அயர்ன் மேன்’ பாட்டில் கிட்டாரும் குரலும் ஒரே மெட்டில் போவதைப் பார்க்கலாம். டியோ ரிஃப்புக்குக் குறுக்கே பாடினார். கிட்டார் ஒரு பக்கம் போகும், குரல் தன் பாட்டுக்கு வேறு மெட்டில் நடக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளாது. இதனால் அயோமிக்கே வேறு மாதிரி ரிஃப் எழுத இடம் கிடைத்தது. 1980 ஏப்ரலில் வந்த ‘ஹெவன் அண்ட் ஹெல்’ ஆல்பம் முழுக்க அந்த விடுதலை தெரியும். தலைப்புப் பாட்டில் சரணம் வரும்போது கிட்டார் ஒதுங்கிக்கொள்கிறது, பேஸும் டிரம்ஸும் மட்டும் நடை போட, குரல் திறந்த வெளியில் தனியாக நிற்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத அமைப்பு அது. டியோ அதில் அவசரமே படாமல் ஒவ்வொரு வரியையும் வைத்துவிட்டு, அடுத்ததற்கு முன் ஓர் இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளிகளில் கேட்கிறவன் முந்தின வரியை யோசிக்கிறான். பிற்பாதியில் வேகம் பிடிக்கும்போது அதே மனிதர் பிரசங்கி மாதிரி பொழிகிறார். ‘லோன்லி இஸ் த வேர்ட்’ பற்றியும் நிறைய எழுதலாம், ‘டை யங்’ பற்றியும், 1981இன் ‘சைன் ஆஃப் த சதர்ன் கிராஸ்’ பற்றியும். எல்லாவற்றிலும் மெல்லிய தொடக்கம், பிறகு வெடிப்பு. ஒரே உத்திதானே என்று கேட்கலாம். ஆனால் மெல்லிய இடத்தில் அவர் நிற்கிற விதம் ஒவ்வொன்றிலும் வேறு. ‘டை யங்’ நடுவில் வரும் அமைதியில் ஓர் அவசரம் உண்டு, ‘சதர்ன் கிராஸ்’ தொடக்கத்தில் ஒரு கிசுகிசுப்பு உண்டு.

1982 இறுதியில் லைவ் ஆல்பத்தின் ஒலிக்கலவையில் தொடங்கிய சண்டையில் சப்பாத்தும் முடிந்தது, டியோ தன் பெயரிலேயே குழு தொடங்கினார். 1983இல் ‘ஹோலி டைவர்’. தலைப்புப் பாட்டும் ‘ரெயின்போ இன் த டார்க்’கும் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டாவது பாட்டு ரொம்ப பாப் மாதிரி இருக்கிறது என்று டேப்பையே பிளேடால் கிழிக்கப் பார்த்தேன் என்று டியோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார், நல்லவேளை மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் நான் போய் நிற்பது ‘டோன்ட் டாக் டு ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ பாட்டில். குழந்தைக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி போலத் தொடங்குகிறது, குரல் தாலாட்டு மாதிரி இறங்கி வருகிறது, அப்புறம் ஒரே நொடியில் அந்தப் புத்திமதிக்குப் பின்னால் இருக்கும் பயங்கரம் வெளியே வருகிறது. ஹெட்போனில் கேட்டால் இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு ஒரு குலுக்கு குலுக்கும், வரப்போகிறது என்று தெரிந்தும்.

அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. 1985இன் ‘சேக்ரட் ஹார்ட்’ சுற்றுப்பயணத்தில் மேடையில் பெரிய இயந்திர டிராகனையே கொண்டுவந்தார்கள், பாட்டுகளில் கீபோர்டு மண்டிக்கிடந்தது, குரலுக்கு மூச்சுவிட இடமில்லை. அந்த வருடம் அவர் செய்தவற்றில் நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக மெட்டல் கலைஞர்களைத் திரட்டிப் பதிவு செய்த ‘ஸ்டார்ஸ்’ பாட்டு. அந்தக் காலத்தின் பெரிய குரல்கள் பலவும் அதில் வரிசையாக ஆளுக்கு ஒரு வரி பாடுகிறார்கள். குரல்களை ஒப்பிட்டுக் கேட்க இதைவிட நல்ல பாட்டு இல்லை. தொடக்கத்தில் டியோ பாடுகிறார், அழுகிற குழந்தைகளைப் பற்றி. அவர் அந்த வரியைச் சொல்லும்போது அது நிதி திரட்டும் பாட்டாகவே கேட்பதில்லை.

வயது அந்தக் குரலை என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு 2007 மார்ச் 30 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் பதிவான நிகழ்ச்சியைக் காட்டுவேன். சப்பாத்தில் இருந்த அதே நால்வர், அயோமி, கீசர் பட்லர், வின்னி அபீஸ், டியோ, இந்த முறை ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்பதையே குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். டியோவுக்கு அப்போது 64 வயது. அவருடைய தலைமுறைப் பாடகர்கள் பலர் மேல்ஸ்தாயி வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடும் வயது. இவர் பாடுகிறார். குரல் கொஞ்சம் இருண்டிருக்கிறது, கனம் கூடியிருக்கிறது, ‘சில்ட்ரன் ஆஃப் த ஸீ’ தொடக்கத்தில் 1980இல் இல்லாத ஒரு துக்கம் சேர்ந்திருக்கிறது. சின்ன உருவம், மெலிந்த கைகள். அந்தக் கைகளால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அபிநயம். கோபுரம் என்றால் கை மேலே போகும், வீழ்ச்சி என்றால் கீழே வரும். சிலருக்கு அது மிகை. எனக்கு அது அவர் பாடும் முறையின் ஒரு பகுதி. கதை கண்ணில் தெரிகிறவருக்குக் கை சும்மா இருக்காது.

2009 ஏப்ரலில் அதே குழுவின் ‘த டெவில் யூ நோ’ வந்தது. அதில் ‘பைபிள் பிளாக்’. ஒரு மனிதன் ஒரு புத்தகத்தைக் கண்டெடுக்கிறான், படிக்கப் படிக்க அது அவனை விழுங்குகிறது. மெல்லிய கிட்டார், இறங்கிய குரல், பிறகு மலை சரிந்து விழுவது. ‘ஸ்டார்கேஸர்’ பாடி 33 வருடம் கழித்து, இன்னொரு முறை, அகப்பட்டுக்கொண்ட ஒருவனின் வாயால் பாடுகிறார். அந்த ஆகஸ்ட் 29 அன்று அட்லாண்டிக் சிட்டியில் பாடியதுதான் கடைசிக் கச்சேரி. நவம்பரில் வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்தது, 2010 மே 16 அன்று ஹூஸ்டனில் காலமானார். அவருக்கு 67 வயது.

அவர் பாட்டுகளை மற்றவர்கள் பாடிக் கேட்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். 2014இல் அவர் நினைவாக வந்த தொகுப்பு ஆல்பத்தில் பெரிய பெரிய குழுக்கள் பாடியிருக்கின்றன. டெனேஷியஸ் டி அதில் பாடிய ‘த லாஸ்ட் இன் லைன்’ கிராமி விருதே வாங்கியது. அந்தக் குழுவின் ஜாக் பிளாக் டியோவை நேசித்துப் பாடுகிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அதனால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் இந்தப் பாட்டுகளைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் உயரமான இடங்களைக் குறிவைத்துத்தான் தயாராகி வருகிறார்கள், எட்டியும் விடுகிறார்கள். மூலத்தில் ‘த லாஸ்ட் இன் லைன்’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள்: நாம் புயல் இல்லாத கப்பல் என்று டியோ நமக்கு மட்டும் சொல்வது போலச் சொல்கிறார், அரை நிமிடத்துக்குமேல், எந்த அவசரமும் இல்லாமல். அந்த அரை நிமிடத்தை அவரைப் போலப் பாடிய ஒருவரை நான் இன்னும் கேட்கவில்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.